பம்பு பொருத்திய பின் சர்க்கரை ஏன் இறங்குகிறது? செயலிழந்த இதயமும் உடலின் எரிபொருள் கணக்கும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு, 2023-இல் வெளியான நீரிழிவு ஆய்வில் புதுச்சேரிக்குக் கிடைத்த இடம் பெருமைப்படத்தக்கதன்று. இங்குள்ள பெரியவர்களில் 26.3 சதவீதத்தினருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கும் சற்று அதிகமாக, சர்க்கரை நோய் இருந்தது, 26.4 சதவீதத்தோடு கோவா மட்டுமே அதற்கு முன்னால் நின்றது. கடலூர், பண்ருட்டி, பாகூர்ப் பக்கங்களிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்கோ சென்னைக்கோ இதய நோய்க்காகப் போகிறவர்களில் பலர் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டுதான் பேருந்து ஏறுகிறார்கள். ஆகவே, அமெரிக்காவில் நடந்த ஒரு சிறு ஆய்வின் முடிவு இந்தக் கடற்கரை மாவட்டங்களுக்குப் பிற இடங்களைவிடச் சற்று நெருக்கமானது.

2011-இல் வெளியான அந்த ஆய்வில், நீரிழிவும் முற்றிய இதயச் செயலிழப்பும் சேர்ந்திருந்த 15 பேர், இதயத்தின் இடது கீழறைக்குத் துணையாக இயந்திரப் பம்பு பொருத்தப்பட்ட பின் கவனிக்கப்பட்டனர். பம்பு இரத்தத்தைத் தள்ளுகிறது, அவ்வளவுதான்; சர்க்கரையைக் குறைக்கும் எதுவும் அதில் இல்லை. ஆனாலும் சில மாதங்களில் அவர்களுடைய ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, சராசரியாக 7.7-இலிருந்து 6.0-க்கு இறங்கியது. நாள்தோறும் தேவைப்பட்ட இன்சுலினும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நீரிழிவுக்கென்று தனியாக எதுவும் செய்யாமலே நீரிழிவு தணிந்தது என்றால், அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை இதயமே உண்டாக்கிக்கொண்டிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். அது எப்படி நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, இதயம் என்ன தின்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள இதயத் தசை ஒரு நாளில் ஒரு லட்சம் முறை துடித்து, 7,000 லிட்டர் அளவுக்கு இரத்தத்தைத் தள்ளுகிறது. இந்த வேலைக்குச் செல்கள் செலவிடும் நாணயம் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு. ஒரு நாளில் இதயம் ஆக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி.யின் மொத்த எடை சுமார் ஆறு கிலோ, அதாவது இதயத்தின் எடையைப்போல் இருபது மடங்கு, என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் எந்த நொடியிலும் கையிருப்பு சில துடிப்புகளுக்கு மேல் தாங்காது. அன்றாடக் கூலிக்காரரின் கையிலுள்ள சில்லறைபோல அது வந்த வேகத்தில் போய்விடும். அவசரத்துக்கு இடுப்புச் சுருக்குப்பையில் முடிந்துவைத்த காசாகக் கிரியேட்டின் பாஸ்பேட் உதவுகிறது. சம்பாத்தியம் ஒரு கணமும் நிற்கக் கூடாது என்பதால்தான் இதயத் தசையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குவரை, எரிபொருளை எரித்து ஏ.டி.பி. ஆக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்களே நிறைந்திருக்கின்றன.

நலமான இதயம் உணவு விஷயத்தில் பிடிவாதம் பிடிப்பதில்லை. அதற்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு, பொதுவாக 60 சதவீதத்துக்கு மேல், கொழுப்பு அமிலங்களை எரிப்பதால் கிடைக்கிறது. எஞ்சியதைக் குளுக்கோஸ், லாக்டேட், கொழுப்பிலிருந்து கல்லீரல் ஆக்கும் கீட்டோன், அமினோ அமிலங்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சோறு உண்டதும் இன்சுலின் ஏறினால் குளுக்கோஸ் பக்கம் சாயும். விரதம் இருந்தால் கொழுப்புக்கும் கீட்டோனுக்கும் மாறும். வேகமாக நடந்தால் கால் தசைகள் கழிவாக விடும் லாக்டேட்டையும் இழுத்து எரிக்கும். கிடைப்பதைக் கொண்டு சமாளிக்கும் இந்த இசைவுதான் இதயச் செயலிழப்பில் முதலில் பறிபோகிறது.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘செயலிழப்பு’ என்று கேட்டதும் இதயம் நின்றுபோனதாகப் பலர் எண்ணுகிறார்கள். மாரடைப்போடு குழப்பிக்கொள்வோரும் உண்டு. மருத்துவம் குறிப்பது, உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை அனுப்ப இயலாத அளவுக்கு இதயம் நலிந்துவிட்ட நிலையை. நம் ஊரில் ‘எக்கோவில் பம்பிங் இருபதுதான் இருக்கிறதாம்’, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையிலுள்ள இரத்தத்தில் இருபது சதவீதமே வெளியேறுகிறதாம், என்று சொல்வது, நூல்கள் எழுதும் சொல்லைவிடப் பொருளைத் துல்லியமாகவே உணர்த்துகிறது.

அப்படி நலிந்த இதயத்தின் செல்களில் ஏ.டி.பி. கையிருப்பு முற்றிய கட்டத்தில் 30 முதல் 40 சதவீதம்வரை குறைந்துவிடுகிறது. சுருக்குப்பை அதற்கும் முன்னதாகவே காலியாகிறது. கிரியேட்டின் பாஸ்பேட்டுக்கும் ஏ.டி.பி.க்கும் உள்ள விகிதத்தைக் காந்த அலைவரிசை முறையில் உடலைத் திறக்காமலே அளக்கலாம். நலமான இதயத்தில் இது இரண்டை ஒட்டியிருக்கும். இதயத் தசை விரிந்து நலிந்த நோயாளிகளைக் கவனித்த 1997-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், விகிதம் 1.6-க்குக் கீழ் இறங்கியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்தனர். ஆற்றல் வறட்சி நோயின் விளைவு மட்டும்தானா, அதன் காரணங்களிலும் ஒன்றா என்ற விவாதம் அதன்பின் வலுப்பெற்றது.

வறட்சி எரிபொருள் இல்லாமையால் வருவதன்று. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் படகு ஓட்டுபவரிடம் கேட்டால், டேங்க் நிறைய டீசல் இருந்தும் நாசில் அடைத்துக்கொண்டால் என்ஜின் திணறிப் புகை கக்கும் என்பார். செயலிழக்கும் இதயத்தின் நிலையும் அதுவே. இரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் வழக்கத்தைவிட அதிகமாகவே மிதக்கின்றன, செல்லுக்குள்ளும் நுழைகின்றன, ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் அவற்றை எரிக்கும் திறன் குன்றிவிட்டது. எரியாத கொழுப்பு செராமைடு, டைஅசைல்கிளிசரால் போன்ற நச்சுத்தன்மையுள்ள இடைப்பொருள்களாகத் தேங்குகிறது. இவை இன்சுலினின் கட்டளையைச் செல்லுக்குள் கடத்தும் பாதையையே முடக்குகின்றன. ஈடுசெய்வதற்காக இதயம் கருவிலிருந்த காலத்து வழக்கத்துக்குத் திரும்பி, குளுக்கோஸை அதிகமாகப் பிளக்கத் தொடங்குகிறது. ஆனால் அந்தப் பிளவில் கிடைக்கும் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுமையாக எரிந்தால்தான் பெருமளவு ஆற்றல் கிடைக்கும். அது அங்கே போகாமல் லாக்டேட்டாக மாறி வெளியேறுவதால், ஒரு குளுக்கோஸிலிருந்து முப்பதுக்கும் மேல் கிடைக்க வேண்டிய ஏ.டி.பி. இரண்டோடு நின்றுவிடுகிறது. இதற்கிடையில் கீட்டோன்களை எரிப்பது கூடுகிறது என்பதை 2016-இல் வெளியான ஆய்வுகள் மனித இதயத் திசுவிலேயே காட்டின.

இதுவரை சொன்னது இதயத்துக்குள் நடப்பது. அதைச் சுற்றியுள்ள உடலில் நடப்பது இன்னும் பரவலானது. வெளித்தள்ளும் இரத்தம் குறைந்ததும், பெரிய காயம் பட்டு இரத்தம் இழந்ததாகவே உடல் எண்ணிக்கொள்கிறது. அட்ரினலின், நார்அட்ரினலின், கார்டிசால் ஆகியவை ஏறுகின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. ஓரிரு மணி நேர ஆபத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. மாதக்கணக்கில் நீடித்தால் அதுவே நோயாகிறது. அட்ரினலின் கொழுப்புத் திசுக்களைக் கரைத்து இரத்தத்தில் கொழுப்பு அமிலங்களைக் கொட்டுகிறது. கல்லீரலைத் தூண்டிக் குளுக்கோஸை வெளிவிடச் செய்கிறது. கணையத்திலிருந்து இன்சுலின் வருவதைத் தடுக்கிறது. கூடுதலான கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் பொருள்களும் சேர்ந்து தசைகளை இன்சுலினுக்குச் செவிசாய்க்காதவை ஆக்குகின்றன. நான்கு அடி நடந்தாலே மூச்சு வாங்குபவரின் தசைகள் வேலையின்றிக் கிடப்பதால், குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும் மற்றொரு வழியும் அடைபடுகிறது. நீரிழிவு இதயத்தைக் கெடுக்கும் என்பது ஊரறிந்த செய்தி. கெட்ட இதயம் நீரிழிவைக் கொண்டுவரும் என்ற மறுபாதியை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

உடல் மெலிவும் இதே கணக்கின் மற்றொரு பக்கம். ‘எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை’ என்று வீட்டார் வருந்துவதற்கு உயிரியல் காரணம் உண்டு. குடல் சுவர் நீர்கோத்து வீங்குவதால் பசி மந்தமாகி, இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது; உண்டதும் சரியாக உறிஞ்சப்படுவதில்லை; மூச்சு விடுவதற்கே கூடுதல் ஆற்றல் செலவாகிறது; தசைப் புரதத்தைச் சிதைக்கும் கட்டளைகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. வீக்கத்தைக் கழித்துப் பார்த்த எடை ஓராண்டுக்குள் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே மருத்துவர்கள் எச்சரிக்கை அடைகிறார்கள். ஆனால் கழித்துப் பார்ப்பதுதான் கடினம். காலிலும் வயிற்றிலும் நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே தோளிலும் தொடையிலும் தசை கரைந்துகொண்டிருக்கும். எடை மெஷினோ பல மாதங்களாக ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

மருந்துகளும் தோற்று, மாற்று இதயமும் உடனே கிடைக்காத இத்தகையோருக்குத்தான் இயந்திரப் பம்பு பேசப்படுகிறது. 2001-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், மருந்தை மட்டும் நம்பியவர்களில் 25 சதவீதத்தினரும் பம்பு பொருத்தியவர்களில் 52 சதவீதத்தினரும் ஓராண்டு உயிரோடிருந்தனர். அன்றைய பம்பு இதயத்தைப்போலத் துடித்துத் தள்ளியது. இன்றைய ஹார்ட்மேட் 3 காந்த விசையில் மிதக்கும் சுழலி ஒன்றால் இரத்தத்தை இடைவிடாமல் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது, அதனால் சிலருக்குக் கைநாடியே சரியாகத் தட்டுப்படாது. இதைப் பொருத்தியவர்களில் ஐந்தாண்டுக்குப் பின்னும் ஏறத்தாழ 58 சதவீதத்தினர் உயிரோடிருந்ததாக 2022-இல் வெளியான முடிவுகள் காட்டுகின்றன. விலை நம் நடுத்தரக் குடும்பங்களின் எட்டாத் தொலைவில் இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. பணத்துக்கு அடுத்த தடை மின்சாரம். வயிற்றுத் தோல் வழியாக வெளியே வரும் கம்பியில் இணைக்கும் இரண்டு பேட்டரிகள் முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்தால் 17 மணி நேரம்வரை தாங்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பின் நாள்கணக்கில் இருளில் கிடந்த கடலூர் மாவட்டத்துக்காரருக்கு அந்த 17 மணி நேரம் எவ்வளவு சிறியது என்று விளக்க வேண்டியதில்லை.

பம்பு ஓடத் தொடங்கியதும் என்ன நடக்கிறது என்பதை மிக நுட்பமாக அறிய வழிசெய்தது அறுவைச் சிகிச்சையின் ஒரு தற்செயல் வசதி. பம்பைப் பொருத்த இதய நுனியில் வட்டமாக ஒரு துண்டை வெட்டியெடுத்தாக வேண்டும். பின்னொரு நாள் மாற்று இதயம் கிடைத்தால், பழைய இதயம் முழுவதும் வெளியே வரும். ஒரே மனிதரின் இதயத் தசை, பம்புக்கு முன்னும் பின்னும், ஆய்வகத்துக்குக் கிடைக்கிறது. மனித உறுப்புகளில் இத்தகைய இணை மாதிரிகள் கிடைப்பது மிக அரிது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இவ்வாறு ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பம்புக்கு முன் இதயத் தசையில் மிகுந்திருந்த செராமைடும் டைஅசைல்கிளிசராலும் பம்புக்குப் பின் குறைந்திருந்தன. இன்சுலின் கட்டளையைக் கடத்தும் புரதங்கள் மீண்டும் விழித்துக்கொண்டன. இரத்தத்தில் குளுக்கோஸும் இன்சுலினும் தாழ்ந்து, உடல் முழுவதிலும் இன்சுலின் எதிர்ப்பு தணிந்திருந்தது. தொடக்கத்தில் சொன்ன 15 பேரின் கதை இங்கே பொருள்படுகிறது. இரத்த ஓட்டம் சீரானதும் அட்ரினலின் ஓய்கிறது. கொழுப்பு கரைந்து கொட்டுவது குறைகிறது. கல்லீரலின் தேக்கம் வடிகிறது. தசைக்கு இன்சுலினின் குரல் கேட்கிறது.

ஒரு ஐயத்தையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களின் ஆயுளை நம்பி நிற்கும் அளவு. சுழலும் பம்புக்குள் சிவப்பணுக்கள் ஓரளவு சிதைகின்றன. பம்பு உள்ளவர்களுக்குக் குடலில் இரத்தக் கசிவும் அதனால் இரத்தம் ஏற்றுவதும் நேர்வதுண்டு. இவற்றால் சிவப்பணுக்கள் இளமையாக இருந்தால் சர்க்கரை உண்மையில் இறங்காமலே அந்த எண் இறங்கும். ஆகவே 7.7-இலிருந்து 6.0 என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டுவது சரியாகாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இன்சுலின் தேவையும் சேர்ந்தே குறைந்தன என்பதால்தான் அந்த முடிவு நிற்கிறது. பம்பு பொருத்தியவரின் சர்க்கரையைக் கண்காணிக்கும்போதும் விரல் நுனிச் சோதனையைக் கைவிடாமலிருப்பதே நல்லது.

உடலின் மீட்சி இவ்வளவு தெளிவாக இருக்க, இதயத்தின் சொந்த மீட்சி அத்தனை எளிதாக அமையவில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பம்பு பொருத்திய பின் இதயத் தசையில் குளுக்கோஸைப் பிளக்கும் வேலை இன்னும் கூடியிருந்தது; ஆனால் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவில் எரிவது அதற்கேற்ப உயரவில்லை. நாசிலின் அடைப்பு முழுதாக நீங்கவில்லை என்பது பொருள். அதே குழுவினரின் பிந்தைய ஆய்வுகள் மேலும் ஒரு படி சென்றன. பம்பின் ஓய்வில் இதயம் தேறியவர்களில், குளுக்கோஸின் ஒரு பகுதி ஆற்றலுக்காக எரிக்கப்படாமல், செல்லின் பழுதுபார்ப்புக்கும் ஆக்சிஜன் நச்சைத் தணிப்பதற்கும் வேண்டிய பொருள்களை ஆக்கும் கிளைப் பாதைகளுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது; பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றிச்செல்லும் கடத்திப் புரதமும் அவர்களிடம் கூடியிருந்தது. தேறாதவர்களிடம் இம்மாற்றங்கள் அந்த அளவுக்கு இல்லை. பம்பு இருவருக்கும் ஒரே மாதிரியான ஓய்வைத்தான் கொடுத்தது. அந்த ஓய்வைப் பயன்படுத்திக்கொள்ளும் இரசாயன வசதி இருவருக்கும் ஒன்றாக இல்லை.

ஓய்வு என்பதற்கே இரண்டு முகம் உண்டு. சுவரின் இழுவிசை குறைந்து ஆக்சிஜன் தேவை தணிவதால், வீங்கிய தசைச் செல்கள் சுருங்கி இயல்பளவை நெருங்குகின்றன. அதே ஓய்வு நீண்டுகொண்டே போனால், கட்டுப் போட்டுவைத்த கை இளைப்பதைப்போல இதயமும் இளைக்கக்கூடும் என்ற அச்சமும் உண்டு. இதயத்தைத் தேற்றுவதையே நோக்கமாகக் கொண்டு, பம்பின் வேகத்தைத் தகுந்தபடி அமைத்து, இதயச் செயலிழப்பு மருந்துகளையும் உச்ச அளவில் கொடுத்த அமெரிக்க ஆய்வொன்றில் 40 பேரில் 16 பேருக்கு 18 மாதங்களுக்குள் பம்பைக் கழற்றும் அளவுக்கு இதயம் தேறி, பின்னரும் நிலைத்தது. பம்பை மட்டும் நம்பி மருந்தைத் தளர்த்திவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி அடுப்படிக்கு வருவோம். அறுவைச் சிகிச்சைக்கு முன் மெலிந்து, ஆல்புமின் என்னும் இரத்தப் புரதம் குறைந்து போனவர்களுக்குக் காயம் ஆறுவதும் தொற்றைத் தாங்குவதும் கடினம். எனவே ஊட்டத்தைச் சரிசெய்யும் வேலை பம்புக்கு முன்பே தொடங்குகிறது. பம்புக்குப் பின் முதல் வாரங்களில் தேங்கிய நீர் வடிவதால் எடை இறங்கும். பிறகு பசி திரும்பும். நெடுநாள் கஞ்சியோடு கிடந்தவர் மீன் குழம்பும் சோறும் கேட்கும்போது வீட்டார் மகிழ்வது இயல்பு. ஆனால் திரும்பிவரும் எடை தசையாக இல்லாமல் கொழுப்பாகவே ஏறி, உடற்பருமன் அளவைத் தாண்டினால் மாற்று இதயத்துக்கான பட்டியலில் இடம்பெறுவதே சிக்கலாகும். வஞ்சிரமும் சங்கராவும் குழம்பில் போகலாம்; அவற்றையே கருவாடாக்கினால் உப்பு வேறு கணக்கு. பம்பில் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை கட்டாயம் என்பதால், கீரையின் வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு நிலையாக இருக்கும். ஆடிக்கு ஒருமுறை கட்டுக்கட்டாக முருங்கைக்கீரை வதக்கித் தின்பதுதான் கணக்கைக் குலைக்கும்.

இந்தக் காலத்தில் நேரக்கூடிய ஆபத்துகளில் எளிதில் தவிர்க்கக்கூடியது சர்க்கரைத் தாழ்வு. இன்சுலினுக்கு உடல் மீண்டும் செவிசாய்க்கத் தொடங்கிய பின்னும் பழைய அளவிலேயே ஊசியோ மாத்திரையோ தொடர்ந்தால், வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரை போகலாம். பம்பு உள்ளவர் மயங்கினால் எல்லோருடைய கண்ணும் கருவியின் மீதே போகும். விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்க மறந்துவிடுவார்கள். அளவைக் குறைப்பதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும், ஆனால் கேட்க வேண்டும் என்பது நினைவில் இருக்க வேண்டும். இதயம் நலிந்தவர்களுக்கு நீரைத் தேக்கும் பயோகிளிட்டசோன் என்னும் சர்க்கரை மருந்து இங்குள்ள கூட்டு மாத்திரைகள் பலவற்றில் கலந்திருப்பதால், பழைய சீட்டை வைத்துக் கடையில் மாத்திரை வாங்கும் வழக்கமும் இவர்களுக்கு ஆகாது.

தசைகள் மெதுவாகவே தேறுகின்றன. பம்பு பொருத்தியவரால் வீட்டுக்குள்ளும் தெருவிலும் நடக்க முடிகிறது. கடினமான உழைப்பின் உச்சத்தில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவோ எதிர்பார்த்த அளவுக்கு உயர்வதில்லை. மாதக்கணக்கில் கிடந்த தசையில் மைட்டோகாண்ட்ரியாக்கள் குறைந்திருப்பதும், பம்பு துணைசெய்யாத வலது கீழறை தன் பலத்தையே நம்பி ஓட வேண்டியிருப்பதும் அதற்குக் காரணங்களில் அடங்கும். வலது பக்கம் தளர்ந்தால் கல்லீரலும் குடலும் மீண்டும் தேங்கும். பசியும் சர்க்கரையும் பழைய நிலைக்குத் திரும்பும். காலை நடை, அதற்குப் பின் மெதுவான தசைப் பயிற்சி, போதிய புரதம் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இதயத்தின் சுருக்குப்பையில் எவ்வளவு இருக்கிறது என்பதை உடலைத் திறக்காமல் அளக்கும் காந்தக் கருவியைப் பற்றி முன்பு சொன்னேன். காந்தத்தில் மிதக்கும் சுழலியை நெஞ்சில் சுமப்பவரை அந்தக் கருவிக்குள் அனுப்ப முடியாது. அந்த அளவீடு மிகவும் தேவைப்படுகிறவருக்கே அந்தக் கதவு அடைபட்டிருக்கிறது. எனவே பம்பைக் கழற்றலாமா என்று முடிவெடுக்கும் நாளில், மருத்துவர்கள் எக்கோ கருவியை நெஞ்சில் வைத்துக்கொண்டு பம்பின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். துணை குறையக் குறைய இடது கீழறை விரிகிறதா, தானே சுருங்கித் தள்ளுகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு அந்தக் குறைந்த வேகத்திலேயே நோயாளியை ஆறு நிமிடம் நடக்கச் சொல்கிறார்கள்.